இராபர்ட் காரெல்ஸ்

இராபர்ட் மினார்ட் காரெல்ஸ் (ஆகஸ்ட் 24, 1916 - மார்ச் 8, 1988) ஓர் அமெரிக்கப் புவிவேதியியலாளர் ஆவார். கடல்நீருக்கும் கடலடிப் படிவுகளுக்கும் இடையே நிகழும் வேதிப் பரிமாற்றத்தைக் கணக்கீட்டு மாதிரிகளால் விளக்கிய முன்னோடிகளுள் ஒருவர்.

வாழ்க்கை

காரெல்ஸ் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பயின்று 1937 இல் இளநிலைப் பட்டமும், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1941 இல் முனைவர் பட்டமும் பெற்றார். அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறையில் யுரேனியக் கனிமங்களை ஆராய்ந்தார். பின்னர் ஹார்வர்ட், நார்த்வெஸ்டர்ன், தென் புளோரிடா முதலிய பல்கலைக்கழகங்களில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

கடல்நீர் மாதிரி

கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் அனைத்தும் தனி அயனிகளாக இருப்பதில்லை. சில அயனிகள் ஒன்றோடொன்று இணைந்து இரட்டைகளாக உள்ளன. 1962 இல் காரெல்சும் மேரி தாம்சனும் இவ்விணைவுகளை வேதிச் சமநிலை விதிகளின்படி கணக்கிட்டனர். சோடியத்தில் 99% தனி அயனியாக இருக்க, சல்பேட்டில் ஏறத்தாழ 54% மட்டுமே அவ்வாறு உள்ளது என்பது அவர்கள் கண்ட முடிவாகும். கடல்நீரில் ஒரு கனிமம் கரையுமா, படியுமா என்பதை அறிய இக்கணக்கு அடிப்படையாகும்.

எதிர்ப் பாறைச்சிதைவு

பாறைகள் சிதையும்போது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு பைகார்பனேட்டாக மாறி, சோடியம், மக்னீசியம், சிலிக்கா முதலியவற்றுடன் ஆறுகள் வழியாகக் கடலை அடைகிறது. இவை இடையறாது சேர்ந்துகொண்டே இருந்தால் கடல்நீரின் தன்மை மாறிவிடும். ஆனால் கடலின் வேதி இயைபு நெடுங்காலமாகப் பெருமளவு மாறாதிருப்பதாகக் கருதப்பட்டது.

1966 இல் பிரெட் மெக்கன்சியும் காரெல்சும் ஆறுகளின் வரவையும் படிவுகளில் ஏற்படும் செலவையும் கணக்கிட்டு இச்சிக்கலுக்கு ஒரு விடை கூறினர். சிதைந்த களிமண் துகள்கள் கடலடியில் சிலிக்காவையும் உலோக அயனிகளையும் பைகார்பனேட்டையும் ஏற்றுப் புதிய களிமண் கனிமங்களாகின்றன; கார்பன் டைஆக்சைடு மீண்டும் வெளிப்படுகிறது. நிலத்தில் நிகழும் சிதைவுக்கு நேர்மாறானது என்பதால் இது எதிர்ப் பாறைச்சிதைவு எனப்படுகிறது.

இதற்கு நேரடிச் சான்று அரிதாகவே கிடைத்தது. 1977 இல் கலாபகசு அருகே கடலடி வெந்நீர் ஊற்றுகள் கண்டறியப்பட்டன. சூடான எரிமலைப் பாறைகளும் கடல்நீரிலிருந்து மக்னீசியத்தை நீக்குவது தெளிவானதால், இக்கருதுகோள் செல்வாக்கிழந்தது. காரெல்ஸ் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1995 இல், அமேசான் கழிமுகப் படிவுகளில் புதிய களிமண் கனிமங்கள் விரைவாக உருவாவதை மிக்கலோபொலசு, ஆலர் ஆகியோர் காட்டினர். அதன்பின் இச்செயல்முறை மீண்டும் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது.

பிற பணிகள்

1983 இல் பெர்னர், லசாகா ஆகியோருடன் இணைந்து, கடந்த 10 கோடி ஆண்டுகளில் வளிமண்டலக் கார்பன் டைஆக்சைடின் அளவு மாறிய விதத்தைக் கணிக்கும் மாதிரியை வெளியிட்டார். பென்ரோசு பதக்கம் (1978), வொல்லாசுடன் பதக்கம் (1981) ஆகியவற்றைப் பெற்றுள்ளார்.