தன் தோப்பைத் தானே வெட்டியவர்

பிரான்ஸ், இத்தாலி பக்கம் திராட்சைத் தோட்டமும் ஒயின் வடிக்கும் தொழிலும் பாட்டன், அப்பன், மகன் என்று ஒரே குடும்பத்தில் வருவதுண்டு. திராட்சைச் சாறு நொதித்தால் ஒயின். தென்னம் பாளையைச் சீவி இறக்கும் இனிப்பு நீர் சில மணி நேரத்தில் தானாகவே நொதித்தால் கள். அங்கே திராட்சை என்றால் நம்மவருக்குத் தென்னை. கள் இறக்க மரத்தை விட்டால் தோப்புக்காரருக்கு உட்கார்ந்த இடத்தில் வருமானம். அப்படிப்பட்ட குடும்பத் தோப்பை வெட்டிச் சாய்த்த ஒருவரைப் பற்றி இன்று பார்ப்போம். அவர் நம்ம ஈப்போவுக்கும் வந்தவர்தான்.

அவர்தான் பெரியார் ஈ.வெ.ராமசாமி. 1879 செப்டம்பர் 17-இல் ஈரோட்டில் பிறந்தார். அப்பா வெங்கடப்ப நாயக்கர் கூலி வேலை செய்து முன்னுக்கு வந்து பெரிய வியாபாரி ஆனவர். மகனுக்குப் படிப்பு ஏறவில்லை. சிறு வயதிலேயே அப்பாவின் மண்டியில் உட்கார்ந்து வியாபாரம் பழகினார். பின்னர் ஈரோடு நகரசபைத் தலைவராகவும் இருந்தார். 1919-இல் அந்தப் பதவியை விட்டுவிட்டுக் காங்கிரசில் சேர்ந்தார்.

1921-இல் ஒத்துழையாமைப் போராட்டம் நடந்தது. கள்ளுக்கடை மறியலும் அதில் ஒன்று. குடும்பம் கெடுவது ஒரு பக்கம். கள்ளு வரியில் வெள்ளைக்கார அரசாங்கம் கொழுப்பது இன்னொரு பக்கம். ஊராரைக் குடிக்காதே என்று சொல்லிக்கொண்டு, தன் மரத்துக் கள்ளில் காசு பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. சேலம் தாதம்பட்டியில் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த தோப்பில் 500-க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டச் செய்தார்.

மரத்தை நம்பிப் பிழைக்கிற நமக்கு இதன் கனம் புரியும். ஒரு மரம் பலனுக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மறியல் செய்து அவர் சிறைக்குப் போனதும், மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் இறங்கினார்கள். பெண்கள் வாசலைத் தாண்டாத காலம் அது. குடியால் முதலில் அடிபடுகிறவர்கள் பெண்கள்தானே!

1925-இல் காங்கிரசை விட்டு விலகிச் சுயமரியாதை இயக்கத்தை வளர்த்தார். 1929 டிசம்பரில் நாகம்மையாரோடு மலாயா வந்தார். பினாங்கில் இறங்கி, ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். 1954-இல் மறுபடியும் வந்தார்.

அந்தக் காலத்தில் தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. பொழுது விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிச் சம்பாதித்த காசு, சம்பள நாளன்று லயத்துக்கு வந்து சேருமுன்பே அங்கே கரைந்தது. 1946, 47-இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தார்கள். தொழிலாளியே எழுந்து நின்ற போராட்டம் அது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சட்டம் போட்டுக் குடியை ஒழித்துவிட முடியாது என்ற கருத்துக்குப் பெரியார் பிற்காலத்தில் வந்தார். நம் நாட்டில் நடந்ததும் அவர் சொன்னதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. கள் குறைந்த இடத்தில் மலிவு விலைச் சம்சு வந்து உட்கார்ந்து அதைவிட அதிகமாகக் கெடுத்தது. 1973 டிசம்பர் 24-இல் அவர் காலமானார்.

பேராக்கில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டு வந்தோம். போத்தலையும் கூடவே தூக்கி வந்தவர்கள் நம்மில் உண்டு. அப்பன் குடித்தான், நானும் குடிக்கிறேன் என்பது பரம்பரைச் சொத்தல்ல. பெரியாருக்கு வெட்ட 500 மரம் இருந்தது. நமக்குத் தோப்பு இல்லை, சம்பளக் கவர்தான் இருக்கிறது. அதைப் பிரிக்காமல் வீட்டுக்காரி கையில் கொடுத்தால், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்காவது மிஞ்சும்.