கேள்வியாற் கற்ற பெருமாட்டி

கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களையும் வகுத்த திருவள்ளுவர், அவற்றின்பின் கேள்வி என்பதனை வைத்தார். பள்ளி வாயில் அடைபட்டோர்க்கும் செவிவாயில் திறந்தேயிருக்கும் என்பது அவ்வைப்பு முறையால் நாம் கொள்ளத்தகும் பொருளாகும். அதற்கு உரையாக வாழ்ந்தவர் வை. மு. கோதைநாயகி அம்மையார்.

1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 1-ஆம் நாள் வைணவ அந்தணர் குலத்திற் பிறந்த அவர், குழவிப் பருவத்திலேயே அன்னையை இழந்தார். ஐந்து வயது கடந்த சிறிது காலத்தில், 1907-இல், திருவல்லிக்கேணி வை. மு. பார்த்தசாரதி என்பாருக்கு மணஞ்செய்விக்கப்பெற்றார். பள்ளி செல்லும் பேறு அவருக்கு வாய்த்திலது. ஆயினும் வீட்டுப் பெரியோர் ஓதியனவெல்லாம் செவிவழிப் புகுந்து நெஞ்சில் நிலைத்தன. தாமே கதைகள் புனைந்து அண்டை அயலிலுள்ள சிறுவர்க்குக் கூறுவார். கணவரோ மனைவியின் அறிவை அடக்காது, நாடகங்களுக்கு அழைத்துச் சென்று வளர்த்தார்.

கண்ட நாடகங்கள் தாமும் ஒன்று இயற்றும் ஆவலை எழுப்பின. எழுதத் தெரியாதே! அம்மையார் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்னும் தோழியார் எழுதினார். இங்ஙனம் பிறந்த 'இந்திர மோகனா' 1924-இல் வெளிவந்தது. நூலாசிரியையான பின்னரே எழுதப் பயின்றார் என்பது வியப்பன்றோ! அடுத்து 'வைதேகி' என்னும் நாவல் தோன்றியது. 1925-இல் 'ஜகன்மோகினி' என்னும் இதழை ஏற்று நெடுங்காலம் நடத்தினார். அவர் இயற்றிய நாவல்கள் 115. நாட்டு விடுதலைக்காக மறியல் செய்து சிறை புகுந்தபோதும் எழுதுதல் ஒழிந்திலர். 1960, பிப்ரவரி 20-இல் மறைந்தார்.

அமெரிக்க நாட்டின் இரண்டாம் தலைவரது மனைவியார் அபிகேல் ஆடம்ஸும் (1744-1818) பள்ளி காணாதவரே. ஆனால் அவருக்கு வீட்டில் நூல்கள் இருந்தன. நம் அம்மையாருக்கு முதலில் உதவியது ஒரு தோழியின் கை.

மாணவ நண்பர்காள்! காரமடையிலுள்ள எம் அம்மாயி, ஆலயத்திற் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிழையின்றிப் பாடுவார். சிறுபருவத்தில் அதுகண்டு நகைத்தேன். இன்று அதனை எண்ணி நாணுகின்றேன். அவரறிந்த கதைகளும் ஒப்பாரிகளும் எந்நூலிலும் இல்லை. வரும் விடுமுறையில் அவர் சொல்ல யான் எழுதுவேன். மாலைதோறும் ஓர் எழுத்தேனும் அவர் எழுதவும் கற்பிப்பேன். நும் இல்லங்களிலும் இத்தகையோர் இருப்பர், நீவிரும் முயல்வீராக.