தும்பைப்பட்டி தந்த அமைச்சர்

மதுரை மாவட்டத்தில் மேலூரை அடுத்துள்ள சிற்றூர் தும்பைப்பட்டி. அவ்வூரில் 1908ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் கக்கன் பிறந்தார். அவருடைய தந்தையார் ஊர்க் கோயில் பூசாரி. தெய்வத்திற்குப் பூசை செய்யும் குடும்பத்தில் பிறந்திருந்தும், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழையச் சாதி அவருக்குத் தடையாக நின்றது. 1939 சூலை 8ஆம் நாள் அத்தடை தகர்ந்தது. அன்று வைத்தியநாத ஐயரின் தலைமையில் கோயிலுக்குள் சென்று வழிபட்ட சிறு குழுவில் கக்கனும் ஒருவர். அவ்வாறு சென்றவர்களைத் தண்டனையிலிருந்து காக்க இராசாசியின் அரசு சட்டமும் இயற்றியது.

விடுதலைப் போராட்டத்தில் கக்கன் சிறை சென்றார். பின்னர் நாட்டின் அரசியலமைப்பை வகுத்த அவையில் உறுப்பினராக இருந்தார். 1952 முதல் 1957 வரை மக்களவையிலும் பணியாற்றினார். அடுத்த பத்தாண்டுகள் காமராசர், பக்தவத்சலம் ஆகியோரின் அமைச்சரவைகளில் பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை முதலிய பொறுப்புகளை ஏற்றார்.

அவர் பொதுப்பணித் துறையைக் கவனித்தபோதுதான், 1959இல், வைகை அணை திறக்கப்பட்டது. தனிக்காரி அணையில் நீர் குறைந்தால் வீட்டுக் குழாய் வறளும் என்பதைச் சாத்தம் மாணவர் அறிவர். மழை பொய்த்தால் வயலும் பொய்த்துப் போகும் மண்ணுக்கு ஓர் அணை என்ன பொருள் தரும் என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர். அப்போது உள்துறை அமைச்சர் கக்கனே. அவரைப் போற்றி எழுதுவோர் பெரும்பாலும் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். அவருடைய நேர்மையை எவரும் ஐயுற்றதில்லை. ஆயினும் அந்நாள்களின் பொறுப்பில் அவருக்கும் பங்குண்டு.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆட்சி மாறியது, கக்கனும் தோற்றார். பத்தாண்டு அமைச்சராக இருந்தவரிடம் சேமிப்பு என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. அரசு வண்டியைத் திருப்பி அளித்தபின் பேருந்திலேயே பயணம் செய்தார். முதுமையில் நோயுற்று மதுரை அரசு மருத்துவமனையில் பொதுப் பிரிவில் பிற நோயாளிகளுடன் தங்கியிருந்தார். முன்னாள் அமைச்சர் என்று கூறி எச்சலுகையும் கேட்கவில்லை. வேறொருவரைக் காண அங்கு வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., கக்கன் இருக்குமிடம் அறிந்து நேரில் சென்று பார்த்தார். அவருக்கு உரிய உதவிகள் கிடைக்க ஆவன செய்தார்.

1981 திசம்பர் 23ஆம் நாள் கக்கன் மறைந்தார். இந்திய அஞ்சல் துறை 1999இல் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. தும்பைப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது.