தலைமுறைப் பட்டியலில் ஒரு மோவாபியப் பெண்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 17-ஆம் நாள் திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் தொடக்கப் பகுதி வாசிக்கப்படுகிறது. ஆபிரகாமில் தொடங்கி யோசேப்பு வரை பெயர்கள், பெயர்கள், பெயர்கள்! வாசிக்கும் குருக்களாகிய நமக்கே நாக்கு தடுமாறும். கேட்போரும் எப்போது முடியும் என்று காத்திருப்பார்கள். ஆனால் இப்பட்டியலில் உள்ளவர்கள் நம்மைப் போலவே பசித்தும் அழுதும் வாழ்ந்தவர்கள். அவர்களுள் ஐந்தாம் வசனத்தில் வரும் ரூத்து என்னும் பெண்ணின் வாழ்வை இன்று சிந்திப்போம்.

நீதித் தலைவர்களின் காலத்தில் பெத்லகேமில் பஞ்சம் ஏற்பட்டது. எலிமலேக்கு என்பவர் தம் மனைவி நகோமியோடும் இரு புதல்வர்களோடும் மோவாபு நாட்டுக்குப் பிழைக்கச் சென்றார். அங்கே அவர் இறந்துபோனார். புதல்வர்கள் மோவாபியப் பெண்களை மணந்தார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பின் அவர்களும் பிள்ளைகள் இன்றி இறந்தார்கள். ஒரே வீட்டில் மூன்று கைம்பெண்கள்!

நகோமி ஊர் திரும்பப் புறப்பட்டபோது, மருமக்களைத் தாய்வீட்டுக்குப் போகச் சொன்னார். ஓர்பா அழுதுகொண்டே விடைபெற்றார். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ரூத்தோ மாமியாரை விடவில்லை. அவருடைய மக்களையும் கடவுளையும் தம்முடையவர்களாக ஏற்றுக்கொண்டு, சாகும்வரை உடனிருப்பதாக உறுதி கூறினார்.

பெத்லகேமில் அது வாற்கோதுமை அறுவடைக் காலம். ஏழைகளும் அன்னியரும் கைம்பெண்களும் வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கிக்கொள்ளத் திருச்சட்டம் இடமளித்திருந்தது. ரூத்து அப்படிப் பொறுக்கச் சென்ற வயல், எலிமலேக்கின் உறவினரான போவாசுக்குச் சொந்தமானது. ரூத்து மாமியாருக்குச் செய்ததை அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். எனவே, கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களை உருவிப் போடுமாறு வேலையாள்களிடம் சொல்லிவைத்தார். இந்தப் போவாசின் தாய் எரிகோவைச் சார்ந்த இராகாபு என்கிறார் மத்தேயு. அன்னியப் பெண் ஒருத்தியின் மகன் மற்றோர் அன்னியப் பெண்ணின் துயரை உணர்ந்துகொண்டார் போலும்!

நகோமியின் சொற்படி ஓர் இரவில் ரூத்து களத்துக்குச் சென்று, நெருங்கிய உறவினர் என்ற முறையில் தமக்கு ஆதரவளிக்கப் போவாசிடம் வேண்டினார். ஆனால் போவாசைவிட நெருங்கிய உறவினர் ஒருவர் இருந்தார். ஊர் வாயிலில் பத்துப் பெரியவர்கள் முன்னிலையில் அவரிடம் கேட்கப்பட்டது. எலிமலேக்கின் நிலத்தை மீட்க அவர் முதலில் சம்மதித்தார். ரூத்தையும் ஏற்று, இறந்தவர் பெயரை நிலைநாட்ட வேண்டும் என்றதும், தம் உரிமைச்சொத்துக்குக் கேடு வரும் என்று பின்வாங்கிக் காலணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். போவாசு ரூத்தை மணந்தார். அவர்களுக்கு ஓபேது பிறந்தார். ஓபேதின் மகன் ஈசாய். ஈசாயின் மகன் தாவீது அரசர்.

அன்பார்ந்தவர்களே, தம் சொத்தைக் காத்துக்கொண்ட அந்த உறவினரின் பெயரைத் திருவிவிலியம் எங்கும் குறிப்பிடவில்லை. இறந்தவரின் பெயரைக் காக்க முன்வந்த போவாசின் பெயரோ மீட்பரின் தலைமுறைப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

இஸ்ரயேலில் தலைமுறைப் பட்டியல் வெறும் குடும்பப் பெருமை அன்று. பாபிலோனிலிருந்து திரும்பிய குருக்களுள் தம் வழிமரபுப் பதிவைக் காட்ட இயலாத சிலர் குருத்துவப் பணியிலிருந்து விலக்கப்பட்டார்கள் (எஸ்ரா 2:62). மோவாபியர் பத்தாம் தலைமுறை வரைகூட ஆண்டவரின் சபையில் சேரக் கூடாது என்கிறது இணைச்சட்ட நூல். அப்படியிருந்தும் ரூத்தை மறைக்க முயலாமல், அவருடைய பெயரை வெளிப்படையாக எழுதுகிறார் மத்தேயு. தாமார், இராகாபு, உரியாவின் மனைவி ஆகியோரையும் அவர் விட்டுவிடவில்லை.

பட்டியலின் முடிவும் நம் கவனத்துக்கு உரியது. இன்னாரின் மகன் இன்னார் என்று வந்த வரிசை யோசேப்பிடம் வந்ததும் மாறுகிறது. இயேசு மரியாவிடம் பிறக்கிறார். யோசேப்போ அவரைத் தம் மகனாக ஏற்றுப் பெயரிடுகிறார். இரத்த உறவைக் கடந்து, அன்போடு ஏற்றுக்கொள்வதாலும் தலைமுறை தொடர்கிறது என்பதை ரூத்தின் வாழ்வும் யோசேப்பின் வாழ்வும் காட்டுகின்றன. கடவுள் மனிதரானது உண்மையான ஒரு குடும்பத்தில், அதன் பஞ்சத்தோடும் சாவோடும் அன்னிய உறவுகளோடும்தான்.

திருமணப் பேச்சு என்றாலே குலத்தை முதலில் விசாரிக்கும் வழக்கமும், கைம்பெண்ணை நல்ல காரியங்களில் ஒதுக்கிவைக்கும் வழக்கமும் கிறிஸ்தவர்களாகிய நம்மிடையே இன்னும் மறையவில்லை. அந்தக் கணக்கின்படி பார்த்தால், ஆண்டவர் இயேசுவின் குடும்பத்தோடு நாம் சம்பந்தம் செய்திருப்போமா?

அடுத்த முறை அப்பெயர்கள் வாசிக்கப்படும்போது பொறுமையோடு கேட்போம். நம் வயலோரத்தில் கதிர் பொறுக்கும் ரூத்து யார் என்று சுற்றிலும் பார்ப்போம். போவாசைப் போல் அவருக்காகச் சில கதிர்களையேனும் விட்டுவைக்க ஆண்டவர் நமக்கு அருள்புரிவாராக!