குளிர்வாயு கண்ட தாமஸ் மிட்ஜ்லி

பெரியோர் வரலாறு எழுதுவோர், அவர்தம் செயலின் பயனை அவர் வாழ்ந்த காலத்தோடு நிறுத்தி அளந்துவிடுதல் பெருவழக்கு. ஆயினும் ஒரு செயலின் முழுப்பயன், செய்தவர் மறைந்து பல்லாண்டு கழிந்த பின்னரே வெளிப்படுதலும் உண்டு. உயிரோடிருந்த நாளில் மக்களுக்கு உபகாரி எனப் போற்றப்பெற்று, இறந்து முப்பதாண்டு சென்றபின் வாயுமண்டலத்துக்கே கேடு சூழ்ந்தவர் எனப் பேசப்பட்டவர், அமெரிக்க இரசாயனராகிய தாமஸ் மிட்ஜ்லி. நம் இல்லங்களிலுள்ள குளிர்ப்பெட்டிக்கும், அறையைக் குளிர்விக்கும் இயந்திரத்துக்கும், அவர் வாழ்க்கைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மிட்ஜ்லி 1889-ம் ஆண்டு மே மாதம் 18-ம் தேதி, பென்சில்வேனியா மாநிலத்துப் பீவர் பால்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் தந்தையாரும் புதியன கண்டு அமைப்பதில் வல்லவர். இளமையை ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரிற் கழித்த மிட்ஜ்லி, 1911-ம் ஆண்டில் கார்நெல் சர்வகலாசாலையில் இயந்திரப் பொறியியற் பட்டம் பெற்றார். இரசாயனத்தை அவர் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே கற்றார். 1916-ம் ஆண்டில் டேட்டன் நகரத்தில் சார்லஸ் கெட்டரிங் என்பார் நடத்திய ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார். கெட்டரிங் வினாவை எழுப்புவார். மிட்ஜ்லி விடை காண்பார். இவ்விருவர் நட்பும் இறுதிவரை நீடித்தது. மூலகங்களை அவற்றின் இயல்புக்கேற்ப வரிசைப்படுத்திய அட்டவணையே மிட்ஜ்லிக்கு வழிகாட்டியாய் இருந்தது.

அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது மோட்டார் வண்டியின் குறையொன்று. அக்காலத்து எந்திரங்களில் பெட்ரோல் சீராய் எரியாமல் தட்டொலி எழுப்பி ஆற்றலை வீணாக்கிற்று. பல பொருள்களைக் கலந்து பார்த்தபின், 1921-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஈயம் கலந்த சேர்மமொன்று அத்தட்டொலியை அடக்குதலை மிட்ஜ்லி கண்டார். ஈயம் நஞ்சென்பது பண்டை ரோமாபுரியாரும் அறிந்த செய்தி. 1923-ம் ஆண்டின் தொடக்கத்தில் மிட்ஜ்லி தாமே ஈய நஞ்சினால் நலங்குன்றி, ஓய்வுக்காகப் புளோரிடா சென்றார். 1924-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அச்சேர்மத்தைச் செய்த நியூஜெர்சி மாநிலத்துச் சுத்திகரிப்பு ஆலையில் தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி உயிர்நீத்தனர். அம்மாத இறுதியில் மிட்ஜ்லி பத்திரிகை நிருபரை அழைத்து, அத்திரவத்தால் அவர்கள் முன்னிலையிலே தம் கைகளைக் கழுவி, ஏறக்குறைய ஒரு நிமிடம் அதன் ஆவியை முகர்ந்து, தீங்கில்லை என மெய்ப்பிக்க முயன்றார். வணிகம் வென்றது. மோட்டார் வண்டிக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை உலகின் கடைசி நாடாகிய அல்ஜீரியா நிறுத்தியது 2021-ம் ஆண்டிலேதான்.

இனி, அவரது இரண்டாவது பெருஞ்செயலைக் காண்போம். குளிர்ப்பெட்டியின் குழாய்களுள் ஒரு திரவம் ஆவியாகும்போது பெட்டியினுள் இருக்கும் வெப்பத்தைக் கவர்கிறது. அவ்வாவியை இயந்திரம் அழுத்தி, வெப்பத்தை வெளியே விட்டு, மீண்டும் திரவமாக்குகிறது. இச்சுழற்சிக்கு அந்நாளில் பயன்பட்டவை அமோனியா, கந்தக டை ஆக்ஸைடு, மீதைல் குளோரைடு முதலியன. இவற்றுட் சில நஞ்சு, சில தீப்பற்றுவன. இரவில் குழாய் கசிந்து, உறங்கியவர் உறங்கியவாறே மாண்ட நிகழ்ச்சிகளும் உண்டு. நஞ்சற்றதும் எரியாததுமாகிய ஒரு பொருள் வேண்டுமென 1928-ம் ஆண்டில் கெட்டரிங் கேட்டார்.

மிட்ஜ்லி, ஆல்பர்ட் ஹென்னி, ராபர்ட் மெக்னரி என்னும் துணைவரோடு அட்டவணையை ஆராய்ந்து, கொடியதென யாவரும் அஞ்சிய புளோரினைத் தேர்ந்தார். புளோரின், குளோரின், கார்பன் மூன்றும் இறுகப் பிணைந்த வாயு மூன்றே நாட்களில் அமைந்தது. அதனைச் சுவாசித்த சீமைப்பெருச்சாளி நலமாகவே இருந்தது. அவ்வாயுவைச் செய்தற்கு வேண்டிய மூலப்பொருள் ஐந்து புட்டிகளில் வந்திருந்தது. மறுமுறை வேறு புட்டியிலிருந்து செய்தபோது பிராணி இறந்துபட்டது. ஆராய்ந்ததில், ஐந்தனுள் ஒன்றே தூய்மையானது எனவும், தற்செயலாய் அதனையே முதலில் எடுத்திருந்தனர் எனவும் விளங்கிற்று. வேறொன்றை எடுத்திருப்பின் அம்முயற்சி அன்றே கைவிடப்பட்டிருக்கலாம்.

1930-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அட்லாண்டா நகரத்து இரசாயனர் கூட்டத்தில், மிட்ஜ்லி அவ்வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின்மேல் ஊதினார், சுடர் அணைந்தது. நஞ்சன்று, எரியாது என்னும் இரண்டும் ஒரே மூச்சில் மெய்ப்பிக்கப்பட்டன. பிரியான் என்னும் பெயரோடு அது உலகெங்கும் பரவிற்று. உணவும் மருந்தும் கெடாது காக்கப்பட்டன. பரிசுகள் பல மிட்ஜ்லியை நாடி வந்தன. 1944-ம் ஆண்டில் அமெரிக்க இரசாயனக் கழகத்தின் தலைமையும் பெற்றார். ஆனால் 1940-ம் ஆண்டிலேயே இளம்பிள்ளை வாதம் அவர் கால்களை முடக்கியிருந்தது. படுக்கையினின்று எழுதற்கெனக் கயிறும் கப்பியும் கொண்ட பொறியொன்றைத் தாமே அமைத்தார். 1944-ம் ஆண்டு நவம்பர் மாதம் 2-ம் தேதி அக்கயிறுகளிலேயே கழுத்துச் சிக்குண்டு, தமது 55-ம் வயதில் உயிர் துறந்தார்.

அவர் கண்ட வாயுவோ அழியவில்லை. எதனோடும் கூடாத அதன் உறுதியே அதன் சிறப்பு. அவ்வுறுதியே கேட்டுக்கும் வித்தாயிற்று. வெளியே கசிந்த வாயு ஏறக்குறைய நூறாண்டு அழியாது நின்று, மேல்வானத்தை அடைந்து, ஆங்குக் கதிரவன் ஒளியாற் சிதைந்து, நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என்பதை 1974-ம் ஆண்டில் மோலினா, ரோலண்டு என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். மறு ஆண்டில் மற்றொரு கேடும் வெளிப்பட்டது. அதனைக் கண்டவர் வீரபத்ரன் இராமநாதன். அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்று, செகந்திராபாத்தில் குளிர்ப்பெட்டித் தொழிலகமொன்றில் வாயுக்கசிவைத் தடுக்கும் வேலை பார்த்து, பின் அமெரிக்கா சென்றவர். இவ்வகை வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமிலவாயுவின் மூலக்கூறுகள் ஏறத்தாழ 10,000 கூடித் தடுக்கும் வெப்பத்தைத் தடுத்துப் பூமியைச் சூடேற்றும் என அவர் கணித்தார். 1985-ம் ஆண்டில் தென்துருவத்தின்மேல் ஓசோன் பெரிதும் குறைந்திருத்தல் அறியப்பட்டது.

உலக நாடுகள் 1987-ம் ஆண்டு செப்டம்பரில் மாண்ட்ரீல் நகரத்தில் உடன்படிக்கை செய்துகொண்டு, 2010-ம் ஆண்டளவில் அவ்வாயுவின் உற்பத்தியைப் பெரும்பாலும் ஒழித்தன. ஓசோன் படலம் மெல்லத் தேறிவருகிறது. ஆனால் அதனிடத்தில் வந்த குளோரினற்ற புதிய வாயுக்கள் ஓசோனுக்குத் தீங்கு செய்யாவிடினும், வெப்பத்தைத் தடுப்பதில் கொடியன. அவற்றுள் மிகப் பயின்ற ஒன்று, நூறாண்டுக் கணக்கில், அதே நிறையுள்ள கரியமிலவாயுவினும் 1,300 மடங்குக்குக் குறையாது சூடேற்றுவது. ஆகவே 2016-ம் ஆண்டு அக்டோபரில், ருவாண்டா நாட்டுக் கிகாலி நகரத்தில், இவற்றையும் படிப்படியாய்க் குறைக்க நாடுகள் இசைந்தன. இந்தியா 2021-ம் ஆண்டில் அதனை ஏற்று, 2047-ம் ஆண்டுக்குள் 85 விழுக்காடு குறைப்பதாக உறுதி கூறியுள்ளது. ஐஸோபியூட்டேன், புரொப்பேன், கரியமிலவாயு, அமோனியா ஆகியவை இன்று மாற்றாக வருகின்றன; மிட்ஜ்லி விலக்கிய அமோனியாவே தக்க காவலோடு மீண்டும் வரவேற்கப்படுதல் காண்க. கசிவை அடைக்காது வாயுவை மட்டும் நிரப்புவதையும், பழுதுபார்க்கும்போது அதனைக் காற்றில் திறந்துவிடுவதையும் நிறுத்தி, உருளைகளிற் பிடித்துச் சேமித்தலும் பெரும்பயன் தருவதாம்.

மிட்ஜ்லியை எவ்வாறு மதிப்பிடுவது? அவருடைய இரு செயல்களையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் நேர்மையன்று. ஈயத்தின் கேட்டை அவர் அறிந்திருந்தார். தம் உடலே எச்சரித்தும், ஐவர் மாண்டும், அவர் நிறுத்தவில்லை. அது குற்றம். குளிர்வாயுவின் கேட்டை அவரும் அறியார். அவர் காலத்தார் ஒருவரும் அறியார். அவர் வீட்டறைக்குள் நிகழ்வதைச் சோதித்தார். வானத்தைச் சோதிக்க எவருக்கும் அன்று வழி இல்லை. அது பிழையே அன்றிக் குற்றமன்று.

நம் நிலை யாது? 1974-ம் ஆண்டுக்குப் பின் பிறந்த எவரும் அறியாமையைக் காரணங்காட்ட இயலாது. அறிந்தபின்னும் வாயுவைக் காற்றில் விடுவோமாயின், நாம் ஒத்திருப்பது குளிர்வாயு கண்ட மிட்ஜ்லியை அன்று. நிருபர் முன் ஈயத்தில் கைகழுவிய மிட்ஜ்லியையே. நாளை ஆய்வுக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் அமரப்போகும் மாணவர், தாம் செய்யும் பொருள் பயன்பட்டு முடிந்தபின் எங்கே செல்லும் என்னும் வினாவை முதலிலேயே கேட்பாராயின், மிட்ஜ்லியின் வாழ்க்கையிலிருந்து கற்கவேண்டியதைக் கற்றவராவர்.