பீர்மேட்டு அன்னா மாணி

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து மலையேறி, குமுளியையும் வண்டிப்பெரியாற்றையும் கடந்து கோட்டயம் செல்லும் சாலையில் பீர்மேடு அமைந்துள்ளது. தேயிலையும் ஏலமும் விளையும் அவ்வூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், 1918 ஆகஸ்டு 23ஆம் நாள் அன்னா மாணி பிறந்தார். தந்தையார் பொறியாளர், ஏலத்தோட்டங்களும் உடையவர். அவர்தம் எட்டு மக்களுள் அன்னா ஏழாமவர். எட்டாவது பிறந்தநாளில் குடும்ப வழக்கப்படி வைரத்தோடு அளிக்க முன்வந்தபோது, அதனை வேண்டாது கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டுப் பெற்றார். மறுத்த வைரம் பின்னாளில் வேறு வழியாக அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் பி.எஸ்சி. ஆனர்ஸ் பட்டம் பெற்றார். மறு ஆண்டு உதவித்தொகை பெற்று, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. இராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். இராமனிடம் ஏறத்தாழ 300 வைரங்கள் இருந்தன. ஒளி படும்போது சில வைரங்கள் தாமும் ஒளிர்கின்றன. அவ்வொளிர்வின் தன்மையை அறிவதே அன்னா மேற்கொண்ட ஆய்வு. வைரத்தைத் திரவக் காற்றால் குளிர்வித்து, அது உமிழும் மங்கிய ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஒளிப்படத் தகட்டில் பதிய வைக்க வேண்டும். ஒரு பதிவுக்கே பதினைந்து முதல் இருபது மணி நேரம் ஆகும். பல இரவுகள் அவர் ஆய்வகத்திலேயே உறங்கினார்.

அவ்வுழைப்பின் பயனாக 1942 முதல் 1945 வரை வைரம், மாணிக்கக்கல் ஆகியவற்றின் ஒளிர்வு பற்றி ஐந்து ஆய்வுக்கட்டுரைகள் வெளிவந்தன. ஐந்தும் அவர் ஒருவரே எழுதியவை. 1945 ஆகஸ்டில் முனைவர் பட்டத்திற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் ஆய்வேட்டை அளித்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்னும் காரணங்காட்டிப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்க மறுத்தது. விதியைக் காப்பது அலுவலரின் கடமையே. ஆயினும் கல்லூரித் தேர்வில் தேறாத இராமானுசனுக்கு 1913இல் ஆய்வு உதவித்தொகை வழங்கியதும் இதே பல்கலைக்கழகம்தான்! அன்று நெகிழ்ந்த விதி இவருக்கு நெகிழவில்லை. அவ்வாய்வேடு பிற மாணவரின் ஆய்வேடுகளோடு ஒன்றாகக் கட்டப்பெற்று, பெங்களூரு இராமன் ஆய்வுக்கழக நூலகத்தில் உள்ளது. கட்டுரைகளோ நூலகத்தில் முடங்கவில்லை. வைரத்தின் ஒளிர்வை ஆராய்ந்த பின்னையோர் அவற்றை மேற்கோள் காட்டினர்.

அவ்வாண்டே அரசு உதவித்தொகையில் இலண்டன் சென்றார். இயற்பியல் பயில விரும்பியவருக்கு வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சியே கிடைத்தது. 1948இல் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். எளிய கருவிகள்கூட அயல்நாட்டிலிருந்து வந்த காலம் அது. ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இந்நாட்டிலேயே செய்விக்க வழிகண்டார். 1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டின்போது சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். காற்று மண்டல ஓசோனை அளக்கும் கருவியும் அவர் முயற்சியால் உருவானது. விக்ரம் சாராபாய் வேண்டியதற்கிணங்கத் தும்பா ஏவுதளத்தில் வானிலை ஆய்வகம் அமைத்தார். துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976இல் ஓய்வுபெற்றார்.

நிலையங்கள் ஆண்டுக்கணக்கில் திரட்டிய அளவுகள் 1980, 1981ஆம் ஆண்டுகளில் இரு நூல்களாயின. முன்னது இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளின் கையேடு; பின்னது அக்கதிர்வீச்சைப் பற்றிய விளக்கநூல். சூரிய ஆற்றல் அமைப்பை வடிவமைக்கும் பொறியாளர்க்கு அவை அடிப்படை நூல்களாயின. அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுத்தாள்பவர் அதனைத் தந்தவர் பெயரை ஒவ்வொரு முறையும் குறிப்பதில்லை. ஆதலால் மேற்கோள்களை எண்ணி இந்நூல்களின் பயனை முழுதும் அளத்தல் இயலாது. பின்னர் காற்றின் ஆற்றலையும் அளந்து தொகுத்தார். இடுக்கியின் இராமக்கல்மேட்டிலும் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டிலும் காற்றாலைகள் சுழல்வதை மாணவர் கண்டிருப்பர். ஓரிடத்தில் காற்றாலை நிறுவுமுன், அங்கு வீசும் காற்றின் வேகத்தை மாதக்கணக்கில் அளந்தறிதல் வேண்டும். அத்தகைய கருவிகளைச் செய்யும் பட்டறை ஒன்றையும் பெங்களூருவில் அவர் நடத்தினார்.

1987இல் அவருக்குக் கே.ஆர். இராமநாதன் பதக்கம் வழங்கப்பட்டது. ஓசோன் ஆய்வில் உலகறிந்த இராமநாதன் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர். அவரும் இராமனின் மாணவரே. அன்னா மாணி மணம் செய்துகொள்ளவில்லை. எண்பத்து மூன்று வயது நிறைய ஏழு நாள்களே இருந்த நிலையில், 2001 ஆகஸ்டு 16ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார்.