கண்ணதாசன் பாட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும் சேதி: எது நிஜம்? எது வாட்ஸ்அப் கதை?

கவியரசு கண்ணதாசன் மறைந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அவரது பாட்டுகளைப் பற்றிய 'பின்னணிக் கதைகள்' இன்னும் ஓயவில்லை. இந்தப் பாட்டு காமராஜருக்கு விட்ட தூது, அந்தப் பாட்டு அண்ணாவிடம் நலம் விசாரித்தது, இன்னொன்று கூடப்பிறந்த அண்ணன் மேல இருந்த கோபம் என்று வாரத்துக்கு ஒன்றாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடும். இதில் எவ்வளவு உண்மை? அவரது வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

திருவொற்றியூரில் முதல் வேலை

1927 ஜூன் 24-ல் இன்றைய சிவகங்கை மாவட்டம் சிறுகூடல்பட்டியில் பிறந்தவர். பெற்றோர் சாத்தப்பன், விசாலாட்சி. வீட்டில் வைத்த பெயர் முத்தையா. சிறு வயதிலேயே காரைக்குடியில் ஒரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார். அங்கே பெயர் நாராயணன் ஆனது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது.

பதின்ம வயதில் அவர் வேலைக்குச் சேர்ந்த இடம் திருவொற்றியூர் ஏஜாக்ஸ் கம்பெனி. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பக்கமிருந்து மின்சார ரயிலில் சென்னைக்கு வருபவர்கள் தினமும் கடக்கும் அதே திருவொற்றியூர்தான். கம்பெனி வேலை நிலைக்கவில்லை. புதுக்கோட்டையில் 'திருமகள்' பத்திரிகையில் சேர்ந்த காலத்தில்தான் கண்ணதாசன் என்ற பெயரை வைத்துக்கொண்டார். 1949-ல் 'கன்னியின் காதலி' படத்தில் முதல் சினிமாப் பாட்டு.

கதைகள் ஏன் கிளம்பின?

அவரது வாழ்க்கை அப்படி. திமுகவில் இருந்தார். 1953 கல்லக்குடி போராட்டத்தில் சிறைக்குப் போனார். 'மாங்கனி' காவியம் சிறையில் எழுதியது. 1961-ல் ஈ.வெ.கி.சம்பத்தோடு கட்சியை விட்டு வெளியேறினார். இருவரும் இருந்த தமிழ்த் தேசியக் கட்சி 1964-ல் காங்கிரசில் இணைந்தது. இன்னொரு பக்கம் சொந்தமாகப் படம் எடுத்துக் கடனாளி ஆனார். 1960-ல் அவரைக் கடனில் தள்ளிய படத்தின் பெயர் 'கவலை இல்லாத மனிதன்'!

நண்பர்கள், பிரிவு, கடன், குடி எல்லாவற்றையும் அவரே 'வனவாசம்', 'மனவாசம்' நூல்களில் வெளிப்படையாக எழுதிவிட்டார். அதனால் எந்தப் பாட்டைக் கேட்டாலும், இது யாரைப் பற்றி என்று தேடும் பழக்கம் ரசிகர்களுக்கு வந்துவிட்டது.

கதை 1: அண்ணன் மேல் கோபமா?

1965-ல் வந்த 'பழநி' படத்தில் உறவுகளை வெறுத்துப் பாடும் பாட்டு. கண்ணதாசனின் அண்ணன் ஏ.எல்.சீனிவாசன் பெரிய தயாரிப்பாளர். அவரிடம் பணம் கேட்டுக் கிடைக்காத ஆத்திரத்தில் எழுதியது என்பது கதை.

ஆனால் படத்தில் அதைப் பாடும் சிவாஜி, தம்பிகளுக்கெல்லாம் மூத்த அண்ணன். விவசாயக் கூட்டுக் குடும்பம் உடைவதுதான் படத்தின் கதையே. அண்ணன் பாடும் பாட்டை, நிஜத்தில் தம்பியின் புலம்பலாக ஆக்கிவிட்டது ஊர்ப்பேச்சு. சொந்த வலி அதில் கலந்திருக்கலாம். ஆனால் அந்த வலி இல்லாவிட்டாலும் காட்சிக்கு அந்தப் பாட்டு தேவைப்பட்டது.

கதை 2: காமராஜருக்குத் தூதா?

'பட்டணத்தில் பூதம்' படத்தில் சிவகாமியின் மகனுக்குச் சேதி அனுப்பும் பாட்டு. காமராஜரின் தாயார் பெயர் சிவகாமி அம்மாள். இது உண்மை. அதை வைத்து, காங்கிரசில் சேர விரும்பிய கண்ணதாசன் காமராஜருக்கு விட்ட தூது என்கிறார்கள்.

தேதியைப் பார்த்தால் இடிக்கிறது. படம் வந்தது 1967. கண்ணதாசன் காங்கிரசுக்குப் போய் அப்போதே மூன்று வருஷம் ஆச்சு. சிவகாமி என்பது அம்பாளின் பெயர், அவள் மகன் முருகன். தோழியைத் தூது அனுப்புவதும் தமிழில் ரொம்பப் பழைய வழக்கம். காமராஜரையும் நினைத்தே அந்தப் பெயரை அவர் வைத்திருக்கலாம். ஆனால் கட்சியில் சேர அனுமதி கேட்ட பாட்டு என்பது நிற்காது.

கதை 3: அண்ணாவிடம் நலம் விசாரித்தாரா?

'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் பத்மினி ஆடிக்கொண்டே நலம் கேட்கும் பாட்டு, புற்றுநோயால் அவதிப்பட்ட அண்ணாவுக்காக எழுதப்பட்டது என்பார்கள். படம் 1968 ஜூலை கடைசியில் வந்தது. அண்ணா சிகிச்சைக்காக அமெரிக்கா போனது செப்டம்பரில். பாட்டு அதற்கு முன்பே எழுதி, பதிவாகி, படமாகியும் இருக்க வேண்டும்.

உண்மையில் அந்தப் பாட்டுக்குள்ளேயே ஒரு ரகசியம் இருக்கிறது. காயம்பட்டுத் தேறிய நாதஸ்வரக் கலைஞரிடம், சபை நிறைய ஆள் இருக்கும்போது நேரடியாகக் கேட்க முடியாததை மோகனா பாட்டில் கேட்கிறாள். சபைக்கு அது நாட்டியம், அவருக்கு மட்டும் அது விசாரிப்பு. வெளிக்கதையில் இறங்கிவிட்டால் இந்த அழகைக் கவனிக்காமலே போய்விடுவோம்.

அப்போ நிஜமான ஒளிவு எங்கே?

1962-ல் வந்த 'பலே பாண்டியா' படத்தின் காய்ப் பாட்டைக் கேளுங்கள். சும்மா கேட்டால் காய்கறிப் பட்டியல் மாதிரி இருக்கும். பிரித்துப் பார்த்தால், நிலாவிடம் பேசும் காதல் பாட்டு. அத்திக்காய் என்பது ஒரு காய். அத்திக்காய் என்றால் 'அந்தத் திக்கில் காய்' என்றும் பொருள். அதாவது, நிலாவே, என்னைச் சுடாதே, அந்தப் பக்கம் போய்க் காய்! இதைத்தான் தமிழில் சிலேடை என்கிறோம். காளமேகப் புலவர் இதற்குப் பேர்போனவர். அதைச் சினிமா மெட்டுக்குள் கொண்டுவந்தவர் கண்ணதாசன்.

அதே ஆண்டு வந்த 'பாதகாணிக்கை' படத்தில், சாவுக்குப் பின் யார் எதுவரை கூட வருவார்கள் என்று கேட்கும் பாட்டு. இதன் வேர் பட்டினத்தார் பாடல். பட்டினத்தாரின் சமாதி இருப்பது, கண்ணதாசன் முதல் வேலை பார்த்த அதே திருவொற்றியூரில். செல்வத்தைத் துறந்த வணிகருக்கும் கடனில் நின்ற கவிஞருக்கும் அந்தப் பொருள் ஒட்டியதில் வியப்பில்லை.

தன்னைப் பற்றிச் சொல்ல நினைத்தபோது அவர் ஒளிக்கவே இல்லை. 1963-ல் 'இரத்தத்திலகம்' படத்தில் அவரே திரையில் தோன்றி, கோப்பையும் கவிதையுமான தன் வாழ்க்கையைப் பாடிவிட்டார்.

ஒரு கதை வந்தால் என்ன செய்யலாம்?

மூன்றே கேள்வி போதும். படம் எப்போ வந்துச்சு? காட்சியில் யார், யாரிடம் பாடுகிறார்? இதே பொருள் பழைய இலக்கியத்தில் இருக்கா? பாதிக் கதை முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.

ஒரே பாட்டு படத்தின் நாயகனுக்கும் தலைவருக்கும் கேட்பவருக்கும் பொருந்துவது சும்மா நடந்ததல்ல. கதாபாத்திரத்தின் பெயரையோ ஊரையோ பெரும்பாலும் சேர்க்காமல், உணர்ச்சியை மட்டும் எளிய சொல்லில் வைப்பது அவர் பாணி. அதனால்தான் அவரவர் வாழ்க்கை அதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வதந்திகள் பிறப்பதும் அதே காரணத்தால்தான்.

சிறந்த பாடலாசிரியருக்கான தேசிய விருதை 'குழந்தைக்காக' படத்துக்கும், சாகித்ய அகாடமி விருதை 'சேரமான் காதலி' நாவலுக்கும் பெற்றவர் கண்ணதாசன். 1978-ல் அரசவைக் கவிஞரானார். 1981 அக்டோபர் 17-ல் அமெரிக்காவின் சிகாகோவில் காலமானார். அவர் கடைசியாக எழுதிய சினிமாப் பாட்டு, 'மூன்றாம் பிறை' படத்தின் தாலாட்டு. 1982-ல் அந்தப் படம் திரைக்கு வந்தபோது அவர் இல்லை.